கம்பவுண்டர் வீட்டுத் தக்காளி

கொஞ்சம் அங்கிட்டு நகந்து உக்காருங்க தம்பி. பையைக் கீழ வைக்காதீங்க, மிதிச்சுப்புடுவாய்ங்க. உள்ள செடியில்ல தெரியுது. ரோசாவா? குடுங்க, பாத்துட்டுத் தாரேன்.

கொழுந்து பூராம் ஓரம் மேல தூக்கிக்கிட்டு படகு மாதிரி நிக்குது பாருங்க. இலைப்பேன். வெள்ளைப் பேப்பரைக் கீழ பிடிச்சு ரெண்டு தட்டுத் தட்டுனா மஞ்சளா, பொடிசா ஓடும். வித்தவன் என்ன சொன்னான்? தண்ணி பத்தலைன்னானா? அவனைச் செருப்பைக் கழட்டி அடிக்கணும். இதே ஓரம் கீழ பாத்து மடங்கி, காம்பு எலிவால் கணக்கா நீண்டுச்சுன்னா சிலந்திப்பேன். இலை சிறுத்து, மஞ்சப் பாரிச்சு முடங்குச்சுன்னா வெள்ளை ஈ கொண்டாந்த வைரசு, பிடுங்கித் தீ வச்சிரணும். மூணும் மூணு நோய். பாக்குறவனுக்கு எல்லாம் சுருட்டைதான், ஒண்ணு போலத்தான் தெரியும். எனக்கு அப்பிடித் தெரியாது.

நானா? உத்தமபாளையம் போறேன். கோர்ட்டுக்கு. வாய்தா வாங்கவெல்லாம் இல்ல, இன்னைக்குச் சாட்சி விசாரணை. நீங்களே சொல்லுங்க, என்னையப் பாத்தா அடிதடிக் கேசுக்காரன் மாதிரியா இருக்கு? அறுபத்தி மூணு வயசு. இருபத்தொம்பது வருசம் கால்நடை ஆஸ்பத்திரியில கம்பவுண்டரு. பேரு லோகேந்திரன், ஆனா பேரைச் சொன்னா எங்க ஊருல யாருக்கும் தெரியாது. கம்பவுண்டர்னு சொன்னாத்தான் தெரியும். எவன் மேலயும் கை வச்ச ஆளில்ல நான். வீட்டுல வைக்கிறது வேற, அதைக் கணக்குல சேக்க முடியாது.

கேசு என்னன்னா, பக்கத்து வீட்டுக்காரன் கையி பரோட்டாக் கல்லுல பட்டுப்போச்சு. அம்புட்டுத்தான். பட்டதுக்கு என்னையப் பிடிச்சு உள்ள வச்சாய்ங்க, பதினெட்டு நாளு.

முதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் உங்களுக்கு வெளங்கும். இங்கிட்டுப் பாருங்க.

ரிட்டயர்டு ஆகி வந்ததும் வீட்டுக்குப் பின்னாடி இருந்த ஆறு சென்ட்டைக் கொத்தித் தோட்டம் போட்டேன். தக்காளி, கத்திரி, வெண்டை, மொளகா, வேலியோரம் அவரை. மாடு என்னைக்காவது எனக்கு இங்க வலிக்குதுன்னு வாய் தொறந்து சொல்லியிருக்கா? பாத்துத்தான கண்டுபிடிக்கணும். அந்தக் கண்ணு அப்பிடியே செடிப் பக்கம் திரும்பிருச்சு. பக்கத்துத் தெருப் பொம்பளை ஒருத்தி மொளகாச் செடி காயுதுன்னு அழுதா. இலையைக் கொண்டா பாப்பம்னேன். பாத்துச் சொன்னேன், பிழைச்சிருச்சு. அப்பறம் பாருங்க, காலையில ஏழு மணிக்கு எங்க வீட்டு வாசல்ல நாலு பேரு, அஞ்சு பேரு, கேரிப்பையில இலையை வச்சுக்கிட்டு நிப்பாய்ங்க. ஒருத்தன் வாழை இலையை முழுசா வெட்டித் தோள்ல போட்டுக்கிட்டு வந்தான். ஒரு பைசா வாங்குனதில்ல. ஆனா ஒண்ணு, சொன்னதைக் கேக்கணும். குறுக்க பேசுனா கேரிப்பையோட தூக்கி ரோட்டுல எறிஞ்சுருவேன். எறிஞ்சிருக்கேன். அப்பிடியும் மறுநாள் வருவாய்ங்க. ஏன்னா நம்ம சொல்றது தப்பாது.

பக்கத்து வீட்டுக்காரன் ஜக்கையன். பஸ் ஸ்டாண்டுகிட்ட பரோட்டாக் கடை. அவென் மாவை வீசுறதைப் பாக்கணும், சும்மா சொல்லக் கூடாது, வேட்டியை ஒதறிக் காயப்போடுற மாதிரி வீசுவான், கிழியாது. அந்தக் கையை வச்சுத்தான் ரெண்டு பிள்ளைகளைக் கட்டிக் குடுத்தான். அவென் பொண்டாட்டி நாகுத்தாய். எங்க வீட்டுக்காரி பவுனும் அவளும் மதினி மதினின்னு செவுத்துக்கு இங்கிட்டும் அங்கிட்டும் நின்னு பேசுவாளுக. அவென் என்னைய அண்ணேன்னுதான் கூப்பிடுவான். எல்லாம் வெளிப்பேச்சு. உள்ளுக்குள்ள எரிச்சலு. எங்க வாசல்ல ஆளு நிக்கிது, அவென் வாசல்ல கோழி நிக்கிது. எரியாமலா இருக்கும்?

இந்தக் கேசு வந்த வருசம் வைகாசியில எங்க வீட்டுக்கு எதுத்த காலி மனையில பார்த்தீனியம் இடுப்பு உசரம் வளந்துபோச்சு. பவுனுக்கு அந்தப் பூ ஆகாது. மூச்சு இழுக்கும். ஆளு விட்டுப் பிடுங்கச் சொன்னா. ஆளு எதுக்கு, நான் எதுக்கு இருக்கேன்னு உரக்கடையில களைக்கொல்லி வாங்கியாந்து அடிச்சேன். மூணாம் நாளு அம்புட்டும் முறுக்கிக்கிட்டுச் சாஞ்சிருச்சு. டப்பாவை முக்குச் சாக்கடையில வீசிட்டேன். மருந்தடிக்கிற டேங்கை மூணு தடவை தண்ணி ஊத்திக் கழுவுனேன். நல்லாக் கேட்டுக்கங்க தம்பி, மூணு தடவை. ஆஸ்பத்திரியில ஊசியை மூணு தண்ணியில கழுவித்தான் எனக்குப் பழக்கம். டாக்டரு ஒரு தண்ணி போதும்பாரு, நான் விட மாட்டேன். இருபத்தொம்பது வருசத்துல ஒரு மாட்டுக்கு ஊசி போட்ட எடம் சீழ் பிடிச்சதில்ல.

ஆனியில தக்காளி நட்டேன். நூத்துப் பத்து நாத்து. ஒரு முழம் வளந்துச்சு, பச்சுன்னு. பூச்சி வர்றதுக்கு முந்தியே வேப்பெண்ணெய் அடிச்சுரலாம்னு, எண்ணெய் கலங்குறதுக்குச் சோப்புத் தண்ணி சேத்து அடிச்சேன். ஒரு வாரத்துல கொழுந்துல ஒரு கோணல். பூச்சி கடிச்சிருக்கும்னு மறுக்க அடிச்சேன். கோணல் கூடுது. வாரத்துக்கு ரெண்டு தடவைன்னு அடிச்சேன். அடிக்க அடிக்க மோசமாகுது.

தக்காளி இலை எப்பிடி இருக்கும், தெரியுமில்ல? பிரிஞ்சு பிரிஞ்சு அகலமா இருக்கும். அது சிறுத்து, நூல் நூலா, நரம்பு பூராம் ஒண்ணு பக்கத்துல ஒண்ணு ஒட்டிக்கிட்டு, விசிறியை மடக்குன மாதிரி ஆயிருச்சு. தண்டு பாம்பு மாதிரி வளைஞ்சு தரையைப் பாக்குது. வெண்டை இலை விரல் விரலாப் போச்சு. பேன் இல்ல. சிலந்தி இல்ல. வைரசும் இல்ல, வைரசு தக்காளிக்கும் வெண்டைக்கும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி வராது. நாலு நாளு நான் சரியாச் சாப்பிடல. காலையில இலையோட வர்றவய்ங்க பின்னாடி எட்டிப் பாத்துட்டாய்ங்க. அந்த மொளகாச் செடிப் பொம்பளை, முதல்ல வந்தவ, அவ சொல்றா, "என்ன கம்பவுண்டரே, உங்களுதே இப்பிடிக் கெடக்கு, எங்களுக்கு என்னத்தப் பாக்கப் போறீங்க." அவ போனா. அவளைப் பாத்து இன்னொருத்தன் போனான். அந்த வாரம் வெள்ளிக்கிழமை வாசல்ல ஒருத்தரும் இல்ல. ஏழு மணிக்குச் சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், ஒரு நாயும் வரல. எப்பிடி இருந்திருக்கும் எனக்கு? செத்துறலாம்னு இருந்துச்சு தம்பி.

அன்னைக்குத்தான் ஜக்கையன் செவுத்து மேல கையை ஊண்டிக்கிட்டு எட்டிப் பாக்குறான். பாத்துட்டுச் சிரிச்சான். "என்னண்ணே, தக்காளிக்குச் சலூன்ல முடி வெட்டி விட்டாப்ல இருக்கு"ன்னான். சொல்லிட்டு இன்னொரு சிரிப்பு.

அந்தச் சிரிப்புலதான் எனக்கு வெளிச்சம் வந்துச்சு. களைக்கொல்லி. எதுத்த மனையில பார்த்தீனியம் எப்பிடி முறுக்கிக்கிட்டுச் செத்துச்சோ, அதே முறுக்கு. கண்டுபிடிச்சிட்டேன். ஒருத்தன் சொல்லிக் குடுக்கல, ஒரு புஸ்தகம் பாக்கல, நானே கண்டுபிடிச்சேன். பின்னாடி வந்த அதிகாரியம்மாவும் அதையேதான் சொல்லுச்சு. எழுதியே குடுத்துச்சு. நோயை நான் தப்பாச் சொல்லல, அதை யாரும் மறுக்க முடியாது.

களைக்கொல்லின்னு தெரிஞ்சுபோச்சு. அப்ப யாரு அடிச்சது? சிரிச்சவன்தான அடிச்சிருப்பான்.

பவுனுகிட்ட சொன்னேன். அவ அடுப்புல இருந்து திரும்பிப் பாத்துட்டு, "ஏங்க, அந்தக் களைக்கு அடிச்ச டேங்க்தான இது"ன்னு கேட்டா. மூணு தடவை கழுவுனேன்டின்னேன். "தண்ணியிலதான கழுவுனீங்க, அந்த மருந்தோட எண்ணெய்ப் பிசுக்குத் தண்ணியில போகுமா"ங்குறா. ஆஸ்பத்திரியில வேலை பாத்தது அவளா, நானா? டேங்க்கோட மருந்து பீச்சுற பித்தளைக் கம்பி கையில இருந்துச்சு, தோள்ல ஒண்ணு வச்சேன். ஒண்ணே ஒண்ணு. அதுல வெயிட்டே கெடையாது, உள்ள ஓட்டை. அவ தோளைத் தேச்சுக்கிட்டுச் சோறு வடிக்கப் போயிட்டா. நல்ல பொம்பளை தம்பி. முப்பத்தி நாலு வருசத்துல எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல. அன்னைக்குப் பேசுனாளே அதான்.

அப்பறம் ஒவ்வொண்ணா வந்துச்சு. ஜக்கையன் வீட்டுச் சேவலு செவுத்தைத் தாண்டி வந்து தக்காளியைக் கிளறுச்சு. ஏற்கெனவே செத்த செடி, அதுல உனக்கு என்ன கிளர்றதுன்னு பிடிச்சு, ஒரே திருகு. தலை ஒரு பக்கம், ஒடம்பு ஒரு பக்கம், றெக்கை மட்டும் அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. தூக்கி அங்கிட்டுப் போட்டேன். நாகுத்தா ஓடியாந்து பாத்துட்டு வாயில அடிச்சுக்கிட்டு அழுதா. ஜக்கையன் வெளிய வந்தான். சண்டைக்கு வருவான்னு நான் கம்பியோட நிக்கிறேன். அவென் சொல்றான், "சேவலு என்னண்ணே பண்ணுச்சு உங்கள. தெரியாம வந்திருக்கும். விடுங்க." எவ்வளவு எகத்தாளம் பாருங்க. திருப்பி ஒரு அடி அடிச்சிருந்தான்னா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

முடிஞ்சுச்சா? மதியம் அந்தச் சேவலையே குழம்பு வச்சு, கிண்ணத்துல ஊத்திச் செவுத்து மேல வச்சிருக்கான். சாப்பிடுங்கண்ணேன்னு. தோட்டத்துக்கு வெசம் வச்சவன் குழம்புல வைக்க மாட்டானா? கிண்ணத்தோட வீசுனேன். வெள்ளையடிச்ச செவுரு, அதுல மஞ்சளா வழிஞ்சு இன்னைக்கும் தடம் இருக்கு. பவுனு அந்தக் கிண்ணத்தை எடுத்துக் கழுவி நாகுத்தாகிட்டக் குடுத்துட்டு வந்தா. நான் பாக்கலைன்னு நெனச்சா. பாத்தேன், விட்டுட்டேன். கோவக்காரன்னா எந்நேரமும் அடிச்சுக்கிட்டேவா இருப்பான்?

ராத்திரிக்குப் போயி அவென் செவ்வாழையை வெட்டியிருக்கலாம். நான் அப்பிடிப்பட்ட ஆளில்ல. பட்டப்பகல்ல போயித்தான் வெட்டுனேன். ஏழு மரம், ரெண்டு தாறு போட்டது. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வெட்டு. அவென் பாத்துக்கிட்டே நின்னான். கண்ணு கலங்கிருச்சு அவெனுக்கு. "அண்ணே, உங்களுக்கு ஒடம்புக்கு ஆகலைண்ணே, வாங்க டாக்டருகிட்டப் போவோம்"ங்குறான். யாருக்குடா ஒடம்புக்கு ஆகல? அருவா கையில இருக்கு. அப்பவே அவெனை வெட்டியிருக்கணுமா இல்லையா? வெட்டல. இதையெல்லாம் கோர்ட்டுல யாரும் கேக்க மாட்டேங்குறாய்ங்க.

அவென் கடைக்குக் கெளம்பிப் போனப்பறம் அந்த அருவாவைக் கழுவப் போகும்போதுதான் பாத்தேன், அவென் வீட்டுக் கொல்லையில, குளிக்கிற கல்லுகிட்ட, களைக்கொல்லி டப்பா. நீலக் கலரு, நான் வாங்குன அதே கம்பெனி. அதுல நாகுத்தா சீயக்காத்தூளு போட்டு வச்சிருக்கா. கேட்டா, முக்குச் சாக்கடையில கெடந்துச்சு, மூடி நல்லா இருக்கேன்னு எடுத்துக் கழுவுனேங்குறா. நான் போட்டது சாக்கடையில. அது அங்க எப்பிடிப் போகும்? இந்தப் பொய்யை எவன் நம்புவான்? கையும் களவுமா மாட்டிக்கிட்டான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

நேரா கடைக்குப் போனேன். சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். மம்பட்டிக் காம்பு ஒண்ணு, புளியங்கட்டை, அதை எடுத்துக்கிட்டேன். பவுனு பின்னாடியே ஓடியாந்தா, செருப்புக் கூடப் போடல. "வேணாங்க, வேணாங்க"ன்னு தெரு பூராம் கத்திக்கிட்டு வர்றா. எனக்கு அவ சத்தம் காதுல விழுது, ஆனா கால் நிக்கல. கடையில அப்பக் கூட்டம் இல்ல. கல்லுல பரோட்டா வெந்துக்கிட்டிருக்கு. அவென் மாவை வீசிக்கிட்டிருக்கான். என்னையப் பாத்ததும், "வாங்கண்ணே, உக்காருங்க"ன்னான். அந்த நேரத்துலயும் அண்ணேங்குறான்.

முதல் அடி மணிக்கட்டுல. எலும்பு சத்தம் கேட்டுச்சு தம்பி, வெறகு ஒடியுற மாதிரி இல்ல, அதைவிடச் சின்னச் சத்தம். ரெண்டாவது கால் முட்டியில. அதுலதான் அவென் முன்னாடி சாஞ்சான். சாஞ்சு, தடுமாறி, கையை ஊண்டுனான். ஊண்டுன எடம் கல்லு. நான் என்ன பண்றது? எண்ணெய் மினுமினுன்னு கெடக்குது, சும்மா வழுக்குது. கத்துறான். எப்பிடிக் கத்துனான்னா, எதுத்த டீக்கடைக்காரன் கிளாசைக் கீழ போட்டுட்டான். எனக்குக் கண்ணு இருட்டிப்போச்சு. தோட்டம் பூராம் முன்னாடி வந்து நிக்கிது, நூத்துப் பத்துச் செடி, வாசல்ல ஒரு ஆளு கெடையாது, இவென் சிரிப்பு. அடிச்சியாடா, சொல்லுடா, அடிச்சியாடான்னு கேக்குறேன். அடிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்னா அப்பவே விட்டிருப்பேன். அடிக்கலண்ணே, அடிக்கலண்ணேங்குறான். கருகுற வாடை வருது. அப்பவும் அஞ்சு எண்ணுற நேரம்கூட இருக்காது, நான் கையை எடுத்துட்டேன்.

என்ன பாக்குறீங்க?

கையை எடுத்துட்டேன்னா, அவென் கையை எடுத்து விட்டேன்னு சொல்றேன். தூக்கி விட்டேன். விழுந்தவனைத் தூக்கி விடாமப் பாத்துக்கிட்டா நிப்பாங்க? வக்கீலு எழுதி வச்சிருக்காரு, கீழ விழுந்தவரைக் காப்பாத்த முயன்றார்னு. நீங்க குழம்பிக்கிறாதீங்க.

அப்பறம் தருமாஸ்பத்திரி, போலீசு, ரிமாண்டு. ஜக்கையனுக்கு மணிக்கட்டுல பிளேட்டு வச்சாய்ங்க. மூணு விரலு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. மாவு வீச முடியாது இனிமே. கடையில வேற மாஸ்டரைப் போட்டிருக்கான், அவென் வீசுனா கிழியுது. ஜக்கையன் கல்லாவுல உக்காந்திருக்கான், கையைத் துண்டுக்குள்ள வச்சுக்கிட்டு. நான் அந்தப் பக்கம் போறதில்ல.

இதுல கேளுங்க கூத்தை. எனக்கு ஜாமீன் கெடச்சதும் எங்க வக்கீலுகிட்ட நானே சொன்னேன், ஐயா, தோட்டத்தை வந்து பாக்கச் சொல்லுங்க, வெசம் வச்சிருக்கான்னு நிரூபிச்சுட்டா பாதிக் கேசு போயிரும்னு. நானே கேட்டு வாங்குனது. வேளாண்மை ஆபீசுல இருந்து ஒரு அம்மா வந்துச்சு. முப்பது வயசு இருக்கும், கண்ணாடி போட்டிருந்துச்சு. செடிகளை நான் பிடுங்காம விட்டிருந்தேன், காஞ்சதும் காயாததுமா நின்னுச்சு. இலையைப் பாத்த ஒடனே, "களைக்கொல்லிதான் ஐயா"ன்னுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பாத்தீங்களா, பாத்தீங்களான்னு வக்கீலு தோளைப் பிடிச்சு உலுக்குறேன்.

அந்தம்மா அதோட போகல. செடிசெடியா நடந்துச்சு. ஜக்கையன் செவுத்தை ஒட்டி வேலியோரத்து அவரையைப் பாத்துச்சு, நான் மருந்தடிக்காத செடி, அது நல்லா இருந்துச்சு. "பக்கத்து வீட்டுல இருந்து அடிச்சா முதல்ல இதுதான கெடணும்"னுச்சு. குழாயடிக்குப் போச்சு, அங்கதான் ரொம்ப மோசம். "நீங்க மருந்தடிக்க எங்க இருந்து ஆரம்பிப்பீங்க"ன்னு கேட்டுச்சு. குழாயடியில இருந்துதான், டேங்கை அங்கதான் நெரப்புவேன்னேன். "கை எட்டாத மூலையில ரெண்டு செடி நல்லா இருக்கே ஐயா"ன்னுச்சு. டேங்கைக் கேட்டுச்சு. சோப்புத் தண்ணி ஊத்திக் கலக்கி, ஆபீசுல பாத்தியில இருக்குற தக்காளி நாத்துல பாதிக்கு அடிச்சுச்சு, பாதிக்குப் புது டேங்க்ல அடிச்சுச்சு. பத்து நாளு கழிச்சு வக்கீலு என்னையக் கூட்டிட்டுப் போனாரு. ஒரு பக்கம் நிமிந்து நிக்கிது. ஒரு பக்கம் நூல் நூலா, விசிறி விசிறியா. வெறும் தண்ணியில அந்த மருந்து டேங்கை விட்டுப் போகாதாம். ரப்பர்லயும் குழாய்லயும் ஒட்டிக்கிட்டே இருக்குமாம். சோப்புத் தண்ணி ஊத்துனா அப்பத்தான் கரைஞ்சு வருமாம். நான் வேப்பெண்ணெயில சோப்புச் சேத்தேனே, அது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா அதைக் கரைச்சுச் செடிக்குக் குடுத்திருக்கு. நோய் கூடக் கூட நான் அடிச்சேன், நான் அடிக்க அடிக்க நோய் கூடுச்சு.

சரி. அது ஆச்சு. தப்பு என்மேலன்னே வச்சுக்கங்க. ஆனா நான் கேக்குறேன், அவென் எதுக்குச் சிரிச்சான்? அண்ணே, டேங்கை மாத்திப் பாருங்கண்ணேன்னு சொல்லியிருக்கலாம்ல? அவெனுக்குத் தெரியாதுன்னா வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? சிரிக்காம இருந்திருந்தா எனக்குக் களைக்கொல்லின்னே தோணியிருக்காது, களைக்கொல்லின்னு தோணாட்டி அவெனும் தோணியிருக்க மாட்டான். கடையில பரோட்டா போட்டுக்கிட்டு நல்லா இருந்திருப்பான். எல்லாம் அவென் வாயால வந்தது.

இப்ப கோர்ட்டுல என்ன பிரச்சினைன்னா, மம்பட்டிக் காம்பால அடிச்சது அடிச்சதுதான், அதுக்கு ஏதோ குடுப்பாய்ங்க. ஆனா கல்லுல அமுக்குனான்னு ஒரு செக்சன் போட்டிருக்காய்ங்க. அது நின்னுச்சுன்னா பத்து வருசம் வரைக்கும் போகும்ங்குறாரு வக்கீலு. பத்து வருசம்னா நான் வெளிய வர்றது பொணமாத்தான். விழுந்தானா அமுக்குனேனான்னு பக்கத்துல இருந்து பாத்தது ஒரே ஒரு ஆளுதான். டீக்கடைக்காரனுக்கு என் முதுகுதான் தெரிஞ்சிருக்கு. ஜக்கையன் சொல்றதை, அடிபட்ட பகையில சொல்றான்னு எங்க வக்கீலு ஒதுக்கிருவாரு. பவுனுதான் பக்கத்துல நின்னா. இன்னைக்கு அவளைத்தான் கூண்டுல ஏத்துறாய்ங்க. அவய்ங்க பக்கத்துச் சாட்சியா.

அந்தா, மூணாவது சீட்டு. பச்சைச் சேலை, சன்னலோரம். அதான் பவுனு. பக்கத்துல இருக்குறது நாகுத்தா. ஒரே பஸ்தான, வேற பஸ் கெடையாது இந்நேரத்துக்கு.

அவ எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசி ஒண்ணரை வருசமாச்சு. வீட்டுலதான் இருக்கா. சோத்தைப் போட்டுத் தட்டை வச்சுட்டுப் போயிருவா. பகல் பூராம் ஜக்கையன் கடையில வெங்காயம் வெட்டிக் குடுக்குறா. ஊருக்கு ஒத்தாசை பண்ணுற பொம்பளை, நானும் ஒண்ணும் சொல்றதில்ல. போன வாரம் ஒரு நாளு, தட்டை வைக்கும்போது கேட்டேன், பவுனு, என்னடி சொல்லப் போறன்னு. "பாத்ததைச் சொல்லுவேன்"னுட்டுப் போயிட்டா, இம்புட்டு நாள்ல அந்த ஒரு வார்த்தைதான். பாத்ததுன்னா விழுந்ததைத்தான. எனக்கு எதிராச் சொல்ல மாட்டா தம்பி. அவளைப் பத்தி எனக்குத் தெரியும். ஆனா கூண்டுல ஏறுனா பொம்பளைகளுக்குப் பயம் வந்துரும், எதிர்த்தரப்பு வக்கீலு குடைஞ்சு கேப்பான், வாய் தவறிப் போயிரும்.

நான் போயிப் பேசக் கூடாது. சாட்சியைக் கலைக்கக் கூடாதுன்னு ஜாமீன்லயே போட்டிருக்காய்ங்க. நீங்க மூணாம் மனுசரு. நீங்க போனா யாரும் கேக்க மாட்டாய்ங்க. ஒரு எட்டுப் போயி, அம்மா, உங்க வீட்டுக்காரரு சொல்லச் சொன்னாரு, அவென் தானா விழுந்தான், அவரு தூக்கித்தான் விட்டாரு, அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்கன்னு சொல்லிட்டு வந்துருங்க. செடியை நான் பிடிச்சுக்கிறேன். ஆளு ஒண்ணும் கடிக்க மாட்டா. போங்க தம்பி, அடுத்த ஸ்டாப்பிங் கோர்ட்டுதான். இம்புட்டு நேரம் கேட்டீங்கள்ல, இதைச் செய்ய மாட்டீங்களா.

வாங்க, உக்காருங்க. சொன்னீங்களா?

என்ன சொன்னா? மொகத்தை எதுக்கு இப்பிடி வச்சிருக்கீங்க.

பாத்ததைச் சொல்லுவேன்னாளா. அதான் எங்கிட்டயும் சொன்னா. சரிதான்.

இல்லையா? பாத்ததை மட்டும் இல்லன்னாளா? வேற என்னத்தைச் சொல்லப் போறாளாம்?

கையைக் காட்டுனாளா. எந்தக் கையை, யாரு கையை? அவ கையையா?

பொறுங்க. சரியாச் சொல்லுங்க. ஜக்கையன் கையைக் கல்லுல இருந்து தூக்குறதுக்கு அவ அடியில கையை விட்டாளா? அப்ப நான் இன்னும் அமுக்கிக்கிட்டு இருந்தேன்னா சொன்னா? மேல என் கையி, நடுவுல அவென் கையி, கீழ இவ கையி, அப்பிடியா? அமுக்குனது ஒரு கையை இல்ல, ரெண்டு கையைன்னு கூண்டுல ஏறிச் சொல்லப் போறேன்னாளா?

உள்ளங்கை பூராமா? தோலு இழுத்துக்கிட்டா? நீங்க நல்லாப் பாத்தீங்களா தம்பி, வேற ஏதாவது பழைய தழும்பா இருக்கும். அடுப்புல பட்டிருக்கும்.

கல்லுதான்னாளா.

எனக்குத் தெரியாது தம்பி. சத்தியமாத் தெரியாது. பதினெட்டு நாளு நான் உள்ள இருந்தேன், அதுக்குள்ள ஆறியிருக்கும். வந்த நாள்ல இருந்து அந்தக் கையாலதான தட்டு வருது. தினம் ரெண்டு வேளை. வாங்கி வாங்கித் தின்னுக்கிட்டுத்தான இருக்கேன்.

எறங்குறாளுக பாருங்க. கம்பியைப் பிடிக்கிறா. இந்தக் கையிலயா, அந்தக் கையிலயா? எனக்கு இங்க இருந்து தெரியல. வலது கையா தம்பி அது? நீங்க பாத்தீங்கள்ல, சொல்லுங்க. நான் பாக்கவே இல்ல.